வாக்கெடுப்பில் ஜெயித்துக் கோயில் கட்டலாமா?

ஐயரிடம் கேளுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான். கிறிஸ்தவ சபையில் ஏதோ ஒன்று மாறப் போகிறது, ஊர் இரண்டுபட்டு நிற்கிறது, போதகரான என்னிடம் என்ன செய்யலாம் ஐயா என்று கேட்கிறார்கள். ஊர்ப் பெயர், ஆள் பெயர் எல்லாம் எடுத்துவிட்டு ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: நாங்குநேரிப் பக்கம் எங்கள் ஊர். கோயில் கட்டி 140 வருஷத்துக்கு மேல் ஆகிறது. நாட்டு ஓடு, பனங்கைமரம். மழைக்கு ஒழுகுகிறது. சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள், "இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் பெரிதாகக் கட்டுங்கள், பணம் தருகிறோம்" என்கிறார்கள். ஊரில் இருக்கிற பெரியவர்கள் ஒரு ஓட்டைக்கூடக் கழற்ற விடமாட்டோம் என்கிறார்கள். போன கூட்டத்தில் கைகலப்பு ஆகப் பார்த்தது. நான் இந்த வருஷம்தான் சபைச் செயலாளராக வந்தேன். வாக்கெடுப்பு வைத்தால் கட்டச் சொல்கிறவர்கள் ஜெயித்துவிடுவார்கள். வைத்து முடித்துவிடலாமா?
– சபைச் செயலாளர் ஒருவர்

பதில்: வைக்க வேண்டாம் தம்பி. ஜெயித்துவிடுவீர்கள் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நூறு பேரில் அறுபது பேர் கைதூக்கிக் கட்டின கோயிலில் மிச்சம் நாற்பது பேர் எங்கே உட்காருவார்கள்? சிலர் பக்கத்து ஊர் ஜெபவீட்டுக்குப் போய்விடுவார்கள். சிலர் கிறிஸ்மஸுக்கும் அசனம் என்கிற சபைப் பொது விருந்துக்கும் மட்டும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். நம் திருநெல்வேலிச் சீமைக்குப் பிளவு புதிதில்லை. 1835-ல் மிஷனரி ரேனியஸ் ஐயர் தம்மை அனுப்பின சி.எம்.எஸ். மிஷனரி சங்கத்தோடு முறித்துக்கொண்டபோது உபதேசிமாரும் சபைகளும் இரண்டு பக்கமாக நின்றார்கள். 1857-ல் நாசரேத்து மிஷனரியோடு மனஸ்தாபப்பட்ட அருமைநாயகம் சட்டம்பிள்ளை, பிரகாசபுரத்தில் இந்து கிறிஸ்தவ சபை என்று தனியாகவே ஒன்றைத் தொடங்கிவிட்டார். காரணம் வேறு வேறாக இருக்கலாம். பிரிந்த குடும்பங்கள் கல்யாணத்துக்கும் இழவுக்கும் ஒன்றுகூட முடியாமல் பட்ட பாடு ஒன்றுதான்.

முதலில் கட்டடத்தைப் பாருங்கள். ஒழுகுகிறது என்றால் எங்கே ஒழுகுகிறது? நான் பார்த்த பழைய கோயில்களில் பெரும்பாலும் சுவர் கல்லாக நிற்கும். கைமரம்தான் செல்லரித்துத் தொய்ந்திருக்கும், ஓடு நகர்ந்திருக்கும். அது கூரை வேலை. அதற்காகச் சுவரை இடிக்க வேண்டியதில்லை. சுவரும் பொரிந்து உதிர்கிறது என்றால், இடையில் யாராவது சிமெண்ட் பூசினார்களா என்று விசாரியுங்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டின சுவர் உள்ளே ஏறுகிற ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேலே சிமெண்டைப் பூசி அடைத்துவிட்டால் ஈரமும் உப்பும் உள்ளேயே நின்று செங்கலைத் தின்றுவிடும். ஆகவே சுண்ணாம்புக் கட்டடம் தெரிந்த பொறியாளர் ஒருவரைக் கூட்டி வந்து எழுத்தில் வாங்குங்கள். அவரே இடிக்கத்தான் வேண்டும் என்று சொன்னால் பேச்சு வேறு. பழைய சுவர் மேலேயே கான்கிரீட் தளம் போட்டுவிடலாம் என்று யாராவது குறுக்கு வழி சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் பாரத்துக்கு அந்தச் சுவர் கட்டப்படவில்லை. எது செய்வதானாலும் திருமண்டல (பேராயரின் ஆளுகைப் பகுதி) அனுமதி வேண்டும், புதிய கட்டடம் என்றால் அரசு அனுமதியும் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

இனி சண்டைக்கு வருவோம். கூரை மட்டும்தான் சண்டை என்றால் கைகலப்பு வரைக்கும் போகாது.

தேரிக்காட்டுப் பக்கம் ஒரு சேகரத்தில் (ஒரு போதகர் பார்க்கிற சபைகளின் தொகுதியில்) நான் இருந்தபோது இதே வழக்கு வந்தது. எதிர்த்தவர்களில் முன்னால் நின்றவர் ஒரு பெரியவர். வாலிபத்தில் பனையேறினவர், நெஞ்சில் காய்ப்புத் தழும்பு இன்னும் இருந்தது. கூட்டத்தில் அவர் சொன்னதெல்லாம் "முன்னோர் கட்டின கோயில்" என்பதுதான். கமிட்டியார் அவரைப் பழமைவாதி என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். மழை, பயிர், பேரப்பிள்ளைகள் என்று பேச்சு எங்கெங்கோ போனது. கடைசியில் எழுந்து போய், வேதாகமத்துக்குள் மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து வந்தார். கட்டட நிதிக்குக் கமிட்டி அச்சடித்திருந்த நோட்டீஸ். லட்ச ரூபாய் கொடுத்தால் வாசலில் பளிங்குக் கல்லில் பெயர். ஐம்பதாயிரத்துக்கு ஒரு ஜன்னல். இருபத்தையாயிரத்துக்கு ஒரு பெஞ்சு. கடைசியில் தலைக்கட்டு வரி ஐயாயிரம். அந்தக் கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு சொன்னார்: "இதுக்குக் கீழ ஒண்ணுமே இல்லியே ஐயா. நான் குடுக்கதுக்கு இதுல எடம் எங்க இருக்கு?"

அவருடைய பாட்டனார் அந்தக் கோயில் கட்டின காலத்தில் சாந்து குழைக்கக் கருப்பட்டித் தண்ணீர் சுமந்தவராம். அதற்குக் கல்வெட்டு கிடையாது. ஊருக்கே தெரியும், அது போதும் அவர்களுக்கு. புதுக் கோயில் எழும்பினால் வாசலிலேயே ஒரு கல் நிற்கும், அதில் அவர் வீட்டுப் பெயர் இருக்காது. ஞாயிறுதோறும் கோயிலில் இரண்டாம் மணி அடிக்கு முந்தியே வந்து உட்காருகிற மனிதர், வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவர்கள் கட்டின கோயிலில் விருந்தாளியாகிவிடுவார். இதை அவரால் கூட்டத்தில் எழுந்து சொல்ல முடியுமா? "என்னிடம் ஐயாயிரம் இல்லை" என்று ஊர் நடுவில் யார் சொல்வார்கள்? அதனால்தான் "முன்னோர் கட்டினது" என்றார்.

ஆகவே தம்பி, உங்கள் ஊரில் எதிர்க்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் போங்கள். கட்டலாமா வேண்டாமா என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார்கள், மாற்றிச் சொன்னால் மானம் போய்விடும். புதுக் கோயில் வந்தால் உங்களுக்கு என்ன போகும் என்று கேளுங்கள். பெண்களைத் தனியாகக் கேளுங்கள். கூட்டத்தில் அவர்கள் வாய் திறந்திருக்க மாட்டார்கள். பிடியரிசி எடுத்து வைத்தே எத்தனையோ ஊழியத்தை நடத்தினவர்கள் அவர்கள்தான்.

எங்கள் சேகரத்தில் அதன்பின் நடந்ததைச் சொல்கிறேன். பளிங்குக் கல்லை அடியோடு விட்டோம். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது பொருளாளருக்கும் தணிக்கைக்கும் மட்டும். மொத்த வரவு செலவை மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசித்தோம். கைவேலையையும் காணிக்கையாக அதே நோட்டில் எழுதினோம். மணல் சலித்தது ஒரு நாள், ஓடு இறக்கினது இரண்டு நாள் என்று. கட்டடக் கமிட்டியைக் கலைத்துவிட்டு, எதிர்த்தவர்கள் பெரும்பான்மையாக இருக்கும்படி புதிதாக அமைத்தோம். இதற்கு அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரம்தான் எனக்கு ஆதாரம். கிரேக்க பாஷைக்காரரின் விதவைகள் பந்தியில் கவனிக்கப்படாமல் விடப்படுகிறார்கள் என்று முறுமுறுப்பு வந்தது. அதைத் தீர்க்க ஏழு பேரைத் தெரிந்துகொண்டார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. அத்தனையும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தார் கையிலேயே பந்தியைக் கொடுத்துவிட்டார்கள்!

அந்தப் பெரியவரே கமிட்டியில் வந்து உட்கார்ந்தார். கூரையை மாற்றி, மேற்கே நீட்டிக் கட்டுவது என்று அவர்களே தீர்மானித்தார்கள். முடிய இரண்டு வருஷத்துக்கு மேலானது. இரண்டு குடும்பங்கள் வரவே இல்லை, இன்றைக்கும் வேறு சபைக்குத்தான் போகிறார்கள். எல்லாரும் சேர்ந்தே வருவார்கள் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது.

இன்னும் ஒன்று. நாம் இருக்கிற தென்னிந்தியத் திருச்சபையே எப்படிப் பிறந்தது என்று சபையாருக்குச் சொல்லுங்கள். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடி ஐக்கியத்துக்கு அழைப்பு விடுத்தார்கள், இரண்டு பேர் தவிர எல்லாரும் இந்தியர். முன்னால் நின்றவர் நம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அத்தியட்சர் (பேராயர்). ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று ஒருவர் முறை இன்னொருவருக்கு ஆகாத சபைகள். 1947 செப்டம்பர் 27-ல்தான் சென்னை ஜார்ஜ் பேராலயத்தில் அது நிறைவேறியது. இருபத்தெட்டு வருஷம். அசரியா 1945 ஜனவரி முதல் தேதியே காலமாகிவிட்டார். அங்கேயும் வாக்கெடுப்பு நடக்கத்தான் செய்தது. ஆனால் கூடவே ஒரு வாக்குறுதியையும் எழுதி வைத்தார்கள்: பழக்கமில்லாத, மனச்சாட்சிக்கு ஒவ்வாத ஆராதனை முறையையோ ஊழியத்தையோ எந்தச் சபை மேலும் திணிக்க மாட்டோம் என்று. முழுதாக ஒன்றி வளர முப்பது வருஷம் தவணை வைத்துக்கொண்டார்கள். ஆந்திராவில் நந்தியால் பக்கம் ஒரு கூட்டத்தார் சேர மறுத்தபோது பிடித்து இழுக்கவில்லை. பல வருஷம் கழித்து அவர்களாக வந்தார்கள். இத்தனை பொறுமையில் பிறந்த சபைக்குள்ளே, ஒரு கூரைக்காக ஒரே கூட்டத்தில் முடிவெடுக்க நமக்கு என்ன அவசரம்? இடையன்குடிக் கோயிலைக் கால்டுவெல் ஐயர் 1847-ல் தொடங்கி 1880-ல்தான் பிரதிஷ்டை பண்ணினார்.

கூட்டத்தை அசனத்தோடு சேர்த்து வைக்காதீர்கள். அன்றைக்கு வெளியூர்க்காரர்தான் நிறைய இருப்பார்கள். ஐப்பசி மழையில், ஒழுகுகிற நேரத்தில், கோயிலுக்குள்ளேயே வையுங்கள். எதிர்க்கிறவர்களும் வாளியை நகர்த்தி வைத்துக்கொண்டு பேசட்டும். கடைசியில் இடிப்பதென்றே முடிவானாலும் அழுகிறவர்களை அதட்டாதீர்கள். எருசலேமில் இரண்டாம் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்டபோது, முந்தின ஆலயத்தைப் பார்த்திருந்த முதியவர்கள் சத்தமிட்டு அழுதார்கள், மற்றவர்கள் கெம்பீரித்தார்கள், எது எந்தச் சத்தம் என்று பிரித்தறியக் கூடாதிருந்தது என்று எஸ்றா எழுதுகிறார். அழுதவர்களை வெளியே போகச் சொன்னதாக எழுதவில்லை.

கேள்வி: தாராவியில் பிறந்து வளர்ந்தவன் நான். அப்பா பிழைக்க வந்த ஊர். அப்பா இருந்த காலத்திலிருந்து ஊர்க் கோயிலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். ஒரு கருத்துச் சொன்னால் மட்டும், "நீ ஊர்லயா இருக்க?" என்கிறார்கள். காசுக்கு மட்டும்தான் நாங்கள் வேண்டுமா ஐயா?
– மும்பை வாசகர்

பதில்: மேலே உள்ள கடிதத்துக்கு எதிர்க்கரையிலிருந்து வந்த கடிதம் இது. உங்கள் வருத்தம் நியாயம். வெளியூர்க் காசு இல்லாமல் நம் கிராமத்துக் கோயில்கள் எழும்பியிருக்காது. இலங்கைத் தோட்டங்களில் உழைத்தவர்கள் அனுப்பின காலம் தொட்டே அப்படித்தான். அவர்களை வெறும் மணியார்டராகப் பார்ப்பது பாவம்.

நீங்கள் பேச வேண்டும், பேச்சுக்கு உங்களுக்கு உரிமை உண்டு. கடைசி வார்த்தை மட்டும் தினமும் அந்தக் கோயில் மணியைக் கேட்கிறவர்களுடையதாக இருக்கட்டும். அந்தக் கூரைக்கு அடியில் வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு ஞாயிறு உட்காருகிறவர்கள் அவர்கள். காசையும் கருத்தையும் ஒரே கவரில் போட்டு அனுப்பாதீர்கள். காசை நிபந்தனையில்லாமல் கொடுங்கள். கருத்தை, ஊருக்கு வந்து ஒரு மாதம் தங்கி, ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கட்டடத்துக்கு மட்டும்தான் தருவேன் என்றும் இருக்காதீர்கள். சபை ஊழியருக்குச் சம்பளம் எவ்வளவு என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். தனியாக இருக்கிற கிழடுகட்டைகளைப் பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு வண்டிக்கு வழி உண்டா என்று கேளுங்கள். அதற்குக் கொடுத்தால் எந்தக் கூட்டத்திலும் சண்டை வராது.

ஊர்க் கமிட்டியார் இதை வாசித்தால் அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ரசீதை மட்டும் அனுப்பாதீர்கள். மும்பையில் இருக்கிற நம் ஆட்களில் யார் வீட்டில் பிரசவம், யார் வீட்டில் இழவு என்று தெரிந்து, ஞாயிறு ஜெபத்தில் பெயர் சொல்லி ஜெபியுங்கள்.

கேள்வி: பாமாலை, கீர்த்தனைப் புத்தகங்களை எடுத்துவிட்டுத் திரையில் பாட்டுப் போடுகிறார்கள். பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. நிறுத்தச் சொல்லலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். கண் மங்கினவர்களுக்குப் பெரிய எழுத்து நல்லது. ஆனால் இரண்டு சரணத்தோடு நிறுத்திவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவாமல் எல்லாச் சரணத்தையும் போடச் சொல்லுங்கள். கிறிஸ்தவப் பாட்டுகள் எழுதின வேதநாயக சாஸ்திரியாரும் கிருஷ்ணபிள்ளையும் நம் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்கள். அவர்கள் பாட்டு நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போனால் குற்றம் திரையுடையது ஆகாது, சொல்லிக் கொடுக்காத நம்முடையது. மாதம் ஒரு ஞாயிறு பாடகர் குழுப் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து ஒரு பழைய கீர்த்தனையைப் பழகட்டும். கீபோர்டு இருந்துவிட்டுப் போகட்டும். சத்தத்தை மட்டும் குறையுங்கள்.

கேள்வி: என் மகள் மதுரை அரசரடியில் இறையியல் படித்து முடித்து ஊருக்கு வந்திருக்கிறாள். எங்கள் ஐயர் அவளை ஒரு ஞாயிறு பிரசங்கம் பண்ணச் சொன்னார். "பொம்பளப் பிள்ள பீடம் ஏறினா நாங்க கோயிலுக்கு வரமாட்டோம்" என்று நாலைந்து பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். மகள் அழுதுகொண்டே இருக்கிறாள்.
– ஒரு தாய், சேரன்மகாதேவி வட்டாரம்

பதில்: அம்மா, பிள்ளையை அழவிடாதீர்கள். அவள் படித்தது வீண்போகாது.

அந்தப் பெரியவர்களைப் பாளையங்கோட்டைக்கு ஒருநாள் கூட்டி வரச் சொல்லுங்கள். 1785-ல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் பிரதிஷ்டை பண்ணின சின்னக் கோயில் இன்னும் இருக்கிறது. ஜனங்கள் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே சொல்வார்கள். கட்டினவர் குளோரிந்தா அம்மாள், தஞ்சாவூர்ப் பக்கத்து மராத்தியப் பிராமண விதவை. 1778-ல் ஞானஸ்நானம் பெற்றார். 1780-ல் எழுதின திருநெல்வேலிச் சபையின் முதல் ஜாபிதாவில் நாற்பது பெயர்கள். தலைப்பெயர் குளோரிந்தா. இந்தச் சீமையின் சபை ஒரு பெண்ணுடைய வீட்டிலிருந்து எழும்பினது. இன்றைக்கு அந்த அம்மாளின் பேத்திகளில் ஒருத்தி அந்தப் பீடத்தில் ஏறக் கூடாது என்று யார் சொல்ல முடியும்? நம் தென்னிந்தியத் திருச்சபையிலேயே 2013-ல் புஷ்பலலிதா அம்மையார் நந்தியால் பேராயராக அபிஷேகம் பெற்றிருக்கிறார். ஒரு காலத்தில் ஐக்கியமே வேண்டாம் என்று ஒரு கூட்டத்தார் ஒதுங்கி நின்றார்களே, அதே நந்தியால்.

ஆனாலும் அந்த நாலைந்து பேரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஐயர் தேதியைக் கொஞ்சம் தள்ளி வைக்கட்டும், ரத்து மட்டும் செய்ய வேண்டாம். இடையில் மகள் திடப்படுத்தல் வகுப்பு எடுக்கட்டும், ஞாயிறு வேதபாடம் வாசிக்கட்டும். முக்கியமாக, இழவு வீடுகளுக்கும் படுக்கையில் கிடப்பவர்கள் வீடுகளுக்கும் ஐயரோடு போகட்டும். தன் பெஞ்சாதி படுத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து சங்கீதம் வாசித்த பிள்ளையை, பீடத்தில் ஏறாதே என்று எந்த மனிதரும் லேசில் சொல்ல மாட்டார். தவணை ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்கப்புறமும் வரமாட்டோம் என்கிறவர்கள் வராமல் இருக்கட்டும். அவர்களுக்காகவும் அவள் அந்தப் பீடத்திலிருந்தே ஜெபிக்கட்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் கோயில் ஒன்றுதான், தெரு இரண்டு. எங்கள் தெருவிலும் அசன வரி வாங்குகிறார்கள். சபைக் கமிட்டியில் எங்கள் தெருவார் யாரும் கிடையாது. அசனத்தன்று எங்களுக்குப் பந்தி கிடையாது, சோறும் கறியும் வாளியில் கொடுத்து அனுப்புகிறார்கள். நான் பள்ளிக்கூட ஆசிரியை. போய்க் கேட்டேன். "கொஞ்சம் கொஞ்சமாத்தான் மாத்தணும், பொறுமையா இரு" என்கிறார்கள். நீங்களும் பொறுமை என்றுதான் எழுதுவீர்கள். இன்னும் எவ்வளவு காலம் பொறுக்கணும் ஐயா?

பதில்: ஒரு நாளும் பொறுக்க வேண்டாம் அம்மா.

கூரைக்குப் பொறுமை சொன்னேன், பாட்டுக்குச் சொன்னேன், உங்களுக்குச் சொல்ல மாட்டேன். பவுல் அப்போஸ்தலர் ரோமருக்கு எழுதும்போது நாள் பார்ப்பது, மாம்சம் தின்பது பற்றியெல்லாம் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார். அதே பவுல், அந்தியோகியாவில் புறஜாதியாரோடு (யூதரல்லாதவரோடு) உட்கார்ந்து சாப்பிட்ட பேதுரு, எருசலேம் சபையின் யாக்கோபினிடத்திலிருந்து ஆள் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டபோது, "முகமுகமாய் எதிர்த்தேன்" என்கிறார். பந்தி என்று வந்தபோது பேதுரு என்றும் பார்க்கவில்லை, கூட்டம் போட்டுப் பேசலாம் என்றும் சொல்லவில்லை. எல்லார் முன்பாகவும் கேட்டார். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் தென்னாட்டுச் சபைகளுக்கு எழுதின சுற்றறிக்கையில், சாதி வித்தியாசத்தை உறுதியாக, உடனடியாக, முற்றுமாக விட்டொழிக்க வேண்டும் என்று எழுதினார். உடனடியாக என்று சொல்லி இரண்டு நூற்றாண்டு ஆகப் போகிறது. இன்னும் வாளியில் சோறு அனுப்புகிறவர்கள் "கொஞ்சம் கொஞ்சமாக" என்று சொல்லக் கூச வேண்டாமா? வாசித்தபோது எனக்கு நெஞ்சு கொதித்தது.

அசனம் என்றால் என்ன என்று அவர்களுக்கே தெரியும். முந்தின நாள் சாயங்காலமே கோயில் வளாகத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறார்கள், தேங்காய் துருவுகிறார்கள். ராத்திரி முழுக்க அண்டாவைக் கிண்டுகிறார்கள். வழியில் போகிற பிற மதத்து ஆட்களைக்கூடக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து உட்கார வைக்கிறார்கள். அப்படிப்பட்ட பந்தியில், அதே தொட்டியில் ஞானஸ்நானம் பெற்று, அதே பாத்திரத்தில் இராப்போஜனம் எடுக்கிற உங்களுக்கு இடம் இல்லையா?

நான் ஒரு சேகரத்தில் இதைப் பார்த்தேன். அசனத்துக்கு ஜெபம் பண்ணக் கூப்பிட்டார்கள். ஓரமாக வாளிகள் வரிசையாக நின்றன. யாருக்கு என்று கேட்டேன், சொன்னார்கள். அவர்கள் வந்து உட்காரும் வரைக்கும் ஜெபம் பண்ண மாட்டேன் என்று சொல்லிவிட்டு மாமரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். சோறு ஆறிக்கொண்டிருந்தது. திட்டினார்கள். சில வீட்டார் எழுந்து போனார்கள். மேலிடத்துக்குப் புகார் போனது. கடைசியில் இரண்டு வாலிபர்கள்தான் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனார்கள். ஒருமித்த பந்தி நடந்தபோது மணி மூன்றுக்கு மேல். எழுந்து போனவர்களில் பாதிப் பேர் அடுத்த அசனத்துக்கு வந்தார்கள், மற்றவர்கள் வரவில்லை. வராதவர்களைத் தேடி நான் போகவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. வாளியை வாங்காதீர்கள். தெருவில் எல்லா வீட்டாரும் பேசி வைத்து, ஒருவரும் வாங்காமல் இருங்கள். பந்தி கொடுக்காத அசனத்துக்கு வரி கிடையாது என்று எழுதிக் கொடுங்கள், நகலைத் திருமண்டல அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கமிட்டித் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எழுதும்போது உங்கள் தெருவில் தகுதியுள்ள ஒவ்வொருவர் பெயரும் இருக்கிறதா என்று நீங்களே வாசித்துப் பாருங்கள். பெயர் விட்டுப்போவது அங்கேதான். சந்தா ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் சேகர ஐயர் கூட நின்றால் நல்லது. அவர் தயங்கினால், இந்தப் பக்கத்தைக் கத்தரித்து அவர் கையில் கொடுங்கள்.

அசனத் தேதியை எனக்கு எழுதுங்கள் அம்மா. முந்தின நாளே வந்துவிடுகிறேன். உங்கள் தெருவில் தங்கிவிட்டு, காலையில் உங்களோடு நடந்து வந்து முதல் பந்தியில் உட்காருகிறேன்.